அரை அங்குலம்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள் தம்பி. எதிர்க்காற்று எனக்கு ஆகாது. நாற்பது வருடம் கேட் மீட்டிங்கில் கத்திய தொண்டை, இப்போது கொஞ்சம் காற்றுப் பட்டாலே இருமல் வந்துவிடுகிறது. மரக்கடை நிறுத்தம் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்குத் தெரியாத நிறுத்தம் இந்த ஊரில் இல்லை, ஆனால் பேச ஆரம்பித்தால் கவனம் போய்விடும். பேசப் போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் காதில் அந்த ஒயரை மாட்டிக்கொள்ளுங்கள். தப்பாக நினைக்க மாட்டேன்.

என் பெயர் மருதையன். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், தோழர் மருதையன் என்றால் தெரியும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள்தான். உலகத்தில் எந்த மூலையில் எவன் எவனை ஏய்த்தான் என்பதை நாலு பக்கத்துக்குள் சொல்லித் தந்த அறிக்கைகள். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். முந்நூறுக்குக் குறையாது. அதில் ஒன்றுக்குக்கூட மறுப்பு வெளியிட்டது கிடையாது. எழுதினால் எழுதினதுதான்.

இப்போது சங்கத்தில் எனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. பொன்னாடை போர்த்தி இறக்கிவிட்டார்கள். இப்போதிருக்கும் தலைவர்கள் செல்போனில் அறிக்கை விடுகிறார்கள், அடியில் ஒரு ரோஜாப்பூ படம் வைத்து. அது போகட்டும். சொல்ல வந்தது அது இல்லை.

சொல்ல வந்தது சவரிமுத்து என்கிற மனிதரைப் பற்றி. திருவெறும்பூரில் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறேன். அவரும் பட்டறைக்காரர்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பட்டறையில் இருந்தவரை அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. பேட்டர்ன் ஷாப் ஆள், அதாவது இரும்பு வார்ப்பதற்கு முன்னால் மரத்தில் அதே உருப்படியைச் செய்து கொடுக்கிறவர். கூட்டத்துக்கு வருவார், கடைசி வரிசையில் நிற்பார், கை தட்டுவார், போய்விடுவார். இருபது நாள் வேலைநிறுத்தத்தில் ஒரு நாள்கூட உள்ளே போகாதவர். அப்படிப்பட்டவர்களின் பெயர் தலைவர்களுக்குத் தெரிவதில்லை. உள்ளே போனவன் பெயர்தான் தெரியும்.

அவரை எனக்குப் பழக்கிவிட்டது ஒரு விளையாட்டு. சிரிக்காதீர்கள். பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்தி ஆடுகிற போர் விளையாட்டு. என்னுடைய பல் டாக்டர், பர்வீன் என்று ஒரு அம்மாள், கடைவாய்ப் பல்லுக்காக நான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது அவர் மேஜையில் சுண்டுவிரல் உயரத்துக்குச் சிவப்புச் சட்டை போட்ட ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் நிற்பதைப் பார்த்தேன். பல் வேலைக்கு வைத்திருக்கிற ஊசியாலேயே அவனுக்குப் பொத்தான் வரைந்திருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, கம்பெனிக்காரன் மட்டும் இங்கே நிற்கிறானே, பாளையக்காரன் எங்கே என்பது. டாக்டரம்மா டிராயரைத் திறந்து காட்டினார். ஈட்டியோடு ஒரு பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அன்றைக்கே, மாதம் ஒரு முறை கூடி ஆடுகிற அவர்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். சவரிமுத்துவும் அங்கேதான் இருந்தார்.

ஆட்டம் சுலபம். இரண்டு பேர், எதிரெதிரே இரண்டு படை. காலாட்கள் ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகரலாம். குதிரை பன்னிரண்டு. பீரங்கிக் குண்டு இருபத்து நான்கு அங்குலம் வரை போகும், அதற்கு ஒரு நூல் வெளியே நின்றாலும் தொடாது. எல்லாவற்றையும் அளந்துதான் செய்ய வேண்டும். அளந்த பிறகு தாயக்கட்டை மாதிரி பகடை. தலைவன் செத்தால் அவனுடைய ஒவ்வொரு அணிக்கும் பகடை போட்டுப் பார்ப்பார்கள், நிற்கிறதா ஓடுகிறதா என்று. இந்தக் கடைசி விதியை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை. தலைவன் விழுந்தால் உழைக்கிறவன் ஓடுவான் என்று எவன் சொன்னது? இதைக் கண்டித்து முதல் வருடமே ஒரு துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு அதைப் பலகையில் குத்தி வைத்தார். விதி மாறவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை நட்புப் போட்டி நடக்கும். மரக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாடியில் சாப்பாட்டுக் கூடத்தைத் தருவார்கள். பந்தி மேஜைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பச்சைத் துணி விரித்தால் அதுதான் போர்க்களம். பாத்திரம் தேய்க்கிற நாரில் மரங்கள், காபித் தூள் அப்பிய தெர்மாகோலில் மண்கோட்டை. பதினாறு பேர் வருவோம். பாங்க் ஆள், ஸ்கூல் வாத்தியார், மருந்துக் கடைக்காரர், இப்படி. நட்புப் போட்டி என்பதால் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டின்போது ஆளுக்கொரு சீட்டில் நல்ல எதிராளி யார் என்று எழுதிப் போட வேண்டும். யாரோடு ஆடினால் தோற்றாலும் மனசு நிறைகிறதோ அவர் பெயர். அதற்கு ஒரு பரிசு. ஆட்டத்தில் ஜெயித்தவனுக்குக் கோப்பை வேறே. ஆனால் அங்கே மதிப்பு இந்தச் சீட்டுப் பரிசுக்குத்தான்.

நாலு வருடம் தொடர்ந்து அதை வாங்கியவர் சவரிமுத்து.

ஏன் வாங்கினார் என்றால், சொல்கிறேன். எதிராளி நகர்த்தும்போது, தோழரே உங்க குதிரை இன்னும் ரெண்டு அங்குலம் வரலாமே, விட்டுட்டீங்களே என்பார். தன்னுடைய ஆளைக் கொல்ல வருகிற குதிரைக்கு அவரே வழி சொல்வார். அதோடு, எங்கள் பாதிப் பேருடைய பொம்மைகள் அவர் வார்த்தவை. மரத்தில் மூலம் செதுக்கி, அச்சு எடுத்து, ஈயம் காய்ச்சி ஊற்றிக் கொடுப்பார். என்னுடைய பாளையக்காரர் படை முழுக்க அவர் கொடுத்ததுதான். அவருக்கென்று வைத்துக்கொண்டது கம்பெனிப் படை. யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்களே, எதிரி இல்லாமல் எப்படி ஆடுவது, நான் வைத்துக்கொள்கிறேன் என்றார். என் படைத் தலைவனுக்கு அவர் செதுக்கிய முகம் என் முகம் தம்பி. இந்த மீசை, இந்த நெற்றி, வலது கையை உயர்த்திக்கொண்டு கேட்டுக்கு முன்னால் நான் நிற்கிற நிலை. டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தோழர் வாய்கூடத் திறந்துதான் இருக்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருடப் போட்டியில் காலையிலிருந்து எனக்கு நல்ல நேரம். இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டேன். மூன்றாவது ஜெயித்தால் கோப்பை. மூன்றாவதில் எதிராளி சவரிமுத்து, கம்பெனிப் படை. புரிகிறதா? சரித்திரத்தில் ஜெயித்தவன் கம்பெனிக்காரன். அன்றைக்கு அவனை மண்கோட்டைக்கு வெளியே விரட்டியிருந்தேன். அவனிடம் மிச்சம் ஒரு பீரங்கியும் இரண்டு வரிசைச் சிப்பாயும்தான். என் தலைவனை முன்னால் கொண்டுவந்தேன். பீரங்கிக்கு எட்டாத தூரமா என்று என் டேப்பை வைத்து அளந்தேன். இருபத்து நான்கே கால் அங்குலம். கால் அங்குலம் வெளியே. நிம்மதியாக வைத்தேன்.

சவரிமுத்து தன் துணிப்பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். பழைய எஃகு ஸ்கேல், இரண்டடி நீளம். அவர் எப்போதும் அதில்தான் அளப்பார். வைத்துப் பார்த்தார். தோழரே, உள்ள வர்றீங்களே என்றார். அவருக்கே சங்கடமாக இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அவருடைய ஸ்கேல்படி தலைவன் இருபத்து நான்காம் கோட்டுக்கு உள்ளே நின்றான். நானே சரியாக அளக்கவில்லையோ என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். பகடை போட்டார். ஆறு. தலைவன் விழுந்தான். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன விதி. ஒவ்வொரு அணிக்கும் பகடை, ஒன்று இரண்டு ஒன்று என்று விழுந்தது. என் படை மொத்தமும் மேஜையை விட்டு ஓடியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரர், சங்கம் கலைஞ்சுபோச்சு என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். சவரிமுத்துவும் போனார், ஸ்கேலை மேஜையிலேயே விட்டுவிட்டு. நான் என் டேப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

அவருடைய இருபத்து நான்கு, என்னுடைய இருபத்து நான்கரை.

அரை அங்குலம் தம்பி. அந்த அரை அங்குலத்தில்தான் என் தலைவன் செத்தான்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன். டாக்டரம்மாவிடம் போய், இந்த ஸ்கேல் சரியில்லை போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சவரிமுத்துவிடமே கேட்டிருக்கலாம். கை கழுவுகிற இடம் பத்து அடி தூரம்தான். ஆனால் நான் படியிறங்கி எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாள் வாங்கி நின்றுகொண்டே எழுதினேன். நாற்பது வருடப் பழக்கம், கை தானாக ஓடியது. தலைப்பு, அளவுகோலுக்குள் ஒளிந்திருக்கும் கம்பெனி. நன்றாக இருக்கிறது இல்லையா? கடைக்காரர்கூடப் படித்துவிட்டு, நல்லாருக்குங்க என்றார். உள்ளே என்ன எழுதினேன் என்பது முழுவதும் மனப்பாடமாக இருக்கிறது, ஒரு பத்தி மட்டும் சொல்கிறேன். ‘சிரித்த முகத்தோடு நீட்டப்படும் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், நண்பர்களே. எதிரிக்கு வழி சொல்லும் பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது? அரை அங்குலம் கையில் வைத்திருப்பவனுக்கு இரண்டு அங்குலம் விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை.’

பதினாறு பிரதி. நான் மேலே வந்தபோது இலை போட்டிருந்தார்கள். இன்னும் யாரும் உட்காரவில்லை. இலைக்கு இலை தண்ணீர் டம்ளருக்கு அடியில் ஒன்று வைத்தேன். சவரிமுத்து இலைக்கும் வைத்தேன். ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு கேட்டில் நின்று கொடுப்பது போலத்தான். என்ன வேகம் என்கிறீர்கள், எழுபத்து மூன்று வயதில்.

எல்லோரும் படித்தார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். டாக்டரம்மா எழுந்து போய் ஸ்கேலையும் டேப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. சவரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக இரண்டு முறை படித்தார். பிறகு ஸ்கேலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“ஆமாங்க, இது பெருசுதான். இது ஸ்டீலுக்கு உள்ளது” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் புரியாததை ஒத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் எழுந்து நின்று, ஸ்டீலுக்கு ஒரு அங்குலம், பொம்மைக்கு ஒரு அங்குலமா, அளவு என்றால் அளவுதான் என்று சொன்னேன். மேடைக் குரலில் சொன்னேன். இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல் போதும் தம்பி எனக்கு, எப்போதும் அது போதும்.

அவர் வாதாடவில்லை. யாரையும் பார்க்காமல் கும்பிட்டு, மன்னிச்சுக்குங்க, எனக்குத் தோணலை என்றார். சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். டாக்டரம்மா தடுத்துப் பார்த்தார். பரவாயில்லம்மா, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் இலையில் பரிமாறியிருந்தது அப்படியே இருந்தது.

ஆட்டத்தை எனக்கு எழுதினார்கள். குண்டு எட்டாத தூரம், தலைவன் சாகவில்லை, ஆகவே வெற்றி. கோப்பை என்னிடம் இருக்கிறது. நல்ல எதிராளிப் பரிசை டாக்டரம்மா அந்த வருடம் யாருக்கும் தரவில்லை. சீட்டுகளைப் பிரிக்காமலே கைப்பையில் போட்டுக்கொண்டார்.

இது எந்த இடம், பால்பண்ணையா? சரி, நேரம் இருக்கிறது.

பத்து நாள் கழித்து ஓய்வூதியர் கூட்டத்தில் குஞ்சிதபாதத்தைப் பார்த்தேன். பவுண்டரியில் வார்ப்பு வேலை செய்தவர், வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் இந்த விஷயத்தைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், எப்படிக் கண்டுபிடித்தேன் பார் என்று. அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“தோழரே, அது பேட்டர்ன் ஸ்கேலு. நெசமாவே தெரியாதா உங்களுக்கு?”

தெரியாது. அவர் சொல்லித்தான் தெரிந்தது. எஃகைக் காய்ச்சி ஊற்றினால் ஆறும்போது சுருங்கும். ஒரு அடிக்குக் கால் அங்குலம் சுருங்கும். ஆகவே மரத்தில் செய்கிற உருப்படியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தால்தான் வார்ப்பு சரியான அளவுக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஸ்கேலையே பெரிதாக அடித்து வைத்திருப்பார்கள். அதில் ஒரு அடி என்று போட்டிருப்பது ஒரு அடியைவிடக் கால் அங்குலம் கூட. எஃகுக்கு ஒன்று, பித்தளைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. ஸ்கேலின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் வெட்டியிருக்கும்.

“பேட்டர்ன்காரன் கையில இருக்கிறது கொதிக்கிறப்போ பொய் தோழரே, ஆறினா நெசம்” என்றார் குஞ்சிதபாதம். “முப்பத்தஞ்சு வருசம் அதையே புடிச்சவனுக்கு அதுதான் அடி. சவரி வீட்டுல போயி பாருங்க, கட்டிலுகூட அந்த அளவுலதான் அடிச்சிருப்பாரு. நீங்க பேட்டர்ன் ஷாப்புக்குள்ள வந்ததே மே தினத்துக்குக் கொடி கட்டத்தானே.”

நான் அந்தப் பட்டறையில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். தொழிலாளியின் கை என்று பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் பேசுவேன். அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. கேஸ், கோர்ட், டில்லி மாநாடு என்று எப்போதும் வெளியே இருந்தேன். யாருக்காக இருந்தேன்? இவர்களுக்காகத்தான். அதை யாரும் சொல்வதில்லை. குஞ்சிதபாதமும் சொல்லவில்லை.

தெரியாமல் செய்தது, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். இப்படித்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவரும் சரி தோழர் என்றார். வீட்டில் என் மனைவியிடமும் சொன்னேன். உங்களிடமும் அப்படியே சொல்லி முடித்திருக்கலாம்.

ஆனால் அதற்கு முந்தைய வருடப் போட்டியில் நான் டேப்பை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். அன்றைக்கு மூன்று ஆட்டமும் சவரிமுத்துவின் ஸ்கேலை வாங்கித்தான் ஆடினேன். வச்சுக்குங்க தோழரே, நான் இன்னொருத்தர்கிட்ட வாங்கிக்கிறேன் என்று கொடுத்தார். அவரோடு ஆடிய ஆட்டத்திலும் அது என் கையில்தான் இருந்தது. அதில் நான் ஜெயித்தேன். ஏமாற்றுகிறவன் தன்னுடைய கள்ள அளவுகோலை எதிராளி கையில் கொடுப்பானா?

இது எனக்கு எப்போது ஞாபகம் வந்தது என்று கேளுங்கள். ஜெராக்ஸ் கடையில், மூன்றாவது வரி எழுதும்போது. சிரித்த முகத்தோடு நீட்டப்படும் கை என்று எழுதினேன் அல்லவா, அப்போது அந்தக் கை எனக்கு ஸ்கேலை நீட்டியது கண்ணுக்கு முன்னால் வந்தது. நன்றாகவே வந்தது. பேனா ஒரு விநாடி நின்றது. ஆனால் அடுத்த வரி ஏற்கெனவே தயாராக இருந்தது. அரை அங்குலம், இரண்டு அங்குலம் என்கிற அந்த வரி. அதை விட மனம் வரவில்லை. நல்ல வரி தம்பி அது. அப்படி ஒரு வரி அமைந்து பல வருடம் ஆகியிருந்தது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஒரு வருடத்தில் மறுப்பு அறிக்கை ஆறு முறை எழுதினேன். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது எல்லாம். முதலாவது நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் பார்த்தால் டாக்டரம்மாவைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறது, போட்டிக்குப் பொதுவாக ஒரு அளவுகோல் ஏற்பாடு செய்யாதது யார் குற்றம் என்று. இரண்டாவது, தொழிலாளிக்குத் தன் கருவியைப் பற்றி நாலு பேரிடம் விளக்கிச் சொல்ல வாய்ப்பே தராத நிர்வாகத்தைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாவது கொஞ்சம் நேர்மையாக இருந்தது. அதில் மருதையன் என்கிற பெயரே வரவில்லை. தவறு நேர்ந்துவிட்டது என்று இருந்தது. யாருக்கும் நேராமல், தானாகவே நேர்ந்துவிட்டது.

சவரிமுத்து அதற்குப் பிறகு வரவே இல்லை. மாதக் கூட்டத்துக்கும் வரவில்லை. பொம்மை வார்ப்பதையும் நிறுத்திவிட்டார் என்று கேள்வி. இந்த வருடப் போட்டி இன்றைக்கு. இப்போது அங்கே மேஜை போட்டுக்கொண்டிருப்பார்கள். நேற்று டாக்டரம்மா போன் செய்தார். நான் கூப்பிட்டு வரலை, நீங்க போய்க் கூப்பிட்டுப் பாருங்க தோழர் என்றார். அவ்வளவோடு வைத்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால் வார்த்தை குறைந்துவிடும்.

காலையில் முதல் வேலையாகக் கிளம்பினேன். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று முடிவோடுதான் போனேன். எழுதினால்தானே கோணுகிறது, வாயால் சொல்லிவிடுவோம் என்று. இந்த பஸ்ஸில்தான் போகும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சவரிமுத்து, உங்கள் மேல் தப்பில்லை, எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தேதான் எழுதினேன், மன்னியுங்கள். அவ்வளவுதான். நாலு துண்டு வாக்கியம்.

கதவைத் திறந்தவர் அவரேதான். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. ஆமாம், பயம்தான், எனக்கு அந்த முகம் தெரியும். என்கொயரிக்குக் கூப்பிடப்பட்டவன் முகம். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிரே நின்றுகொண்டு கையைக் கூப்பிவிட்டார்.

“தோழரே, உங்க அறிக்கையில எழுதியிருந்தது அத்தனையும் நெசம். நாலு வருசமா நான் ஜெயிச்சதெல்லாம் இந்த ஸ்கேலுலதான். ஆடினவங்க எல்லாருக்கும் லெட்டர் போட்டுட்டேன், அது உங்க ஜெயமா வச்சுக்குங்கன்னு. உங்களுக்கு மட்டும் போட முடியலை. நேர்ல வந்து கேக்கணும்னு இருந்தேன். தைரியம் வரலை. மன்னிச்சிருங்க.”

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார் தம்பி. வார்த்தைக்கு வார்த்தை. நேரில் வந்து கேட்க வேண்டும், தைரியம் வரவில்லை. அத்தனையும் என்னுடையது.

கையைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும். எழுந்திருக்கவாவது வேண்டும். ஆனால் நான் நாற்காலியில் இருந்தேன், அவர் எதிரே கைகூப்பி நின்றார். நாற்பது வருடம் அப்படி எத்தனை பேர் என் எதிரே நின்றிருக்கிறார்கள் தெரியுமா? உள்ளே போனவன், உறுதிமொழி மீறியவன், குடும்பச் சூழ்நிலை தோழர் என்று அழுதவன். அவர்களுக்குச் சொல்கிற பதில் ஒன்று என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அது வந்துவிட்டது.

“பரவாயில்ல சவரிமுத்து. நான் அதை அப்பவே மறந்துட்டேன்” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்கப் போனவன், மன்னித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் அழுதுவிட்டார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது போதும் தோழரே என்றார். சமையலறைப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டு, தோழர் வந்திருக்காரு பாரும்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்கலையாம் என்றார். அந்தப் பெண் வந்து எனக்குக் கும்பிடு போட்டாள். காபி கொடுத்தாள். குடித்தேன்.

இன்றைக்குப் போட்டிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன், நீங்க முன்னாடி போங்க என்றார். ஆட வரவில்லை. எல்லார் முன்னாடியும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுட்டா எனக்குப் பாரம் இறங்கிடும் என்றார். அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது மரியாதை இல்லையாம்.

ஆகவே அவருக்கு முன்னால் நான் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவர் படியேறி வருவதற்குள் மற்ற எல்லோரையும் நிறுத்தி அந்த நாலு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அவர் உள்ளே வரும்போது கைகூப்பத் தேவையிருக்காது. பத்து நிமிடம் இருக்கிறது எனக்கு. இந்த பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில் பத்து நிமிடம்தான். உங்களிடம் இவ்வளவு தெளிவாக வந்தது பார்த்தீர்களா? ஒரு இடத்திலும் கோணவில்லை. நீங்கள் யாரோ, அதனால் வந்தது.

மரக்கடையா? வந்துவிட்டதா, சரி. சொன்னதற்கு நன்றி தம்பி.

பாருங்கள், எத்தனை பேர் இறங்குகிறார்கள். முதலில் அவர்கள் இறங்கட்டும். மண்டபம் இதோ தெரிகிறது, அந்த மஞ்சள் கட்டிடம், மாடியில் ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது. வந்துவிட்டார்கள் எல்லோரும்.

விசில் கொடுத்துவிட்டானா? பரவாயில்லை, அவனைக் கூப்பிட வேண்டாம். கையை விடுங்கள், நான் மெயின்கார்டு கேட்டில் இறங்கிக்கொள்கிறேன். திரும்பி நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் அவர் வந்துவிடுவார்தான். கும்பிட்டுப் பேச ஆரம்பித்தும் விடுவார். ஆரம்பிக்கட்டுமே, மூத்தவர். அவர் பேசி முடித்த பிறகு நான் எழுந்தால்தான் எடுபடும். கூட்டத்தில் கடைசியாகப் பேசுகிறவன் பேச்சுத்தான் நிற்கும்.